தோற்கவே முடியாத அரசாங்கம் சபையில் எதற்காக விவாதித்தது? 19ஆம் நூற்றாண்டு இலங்கைச் சட்டநிரூபண சபை

கேள்வி இது: "1833 சீர்திருத்தத்தால் வந்த இலங்கைச் சட்டநிரூபண சபையில் எப்போதும் அரசாங்க உத்தியோகத்தரே பெரும்பான்மை. அப்படியானால் அது தேசாதிபதி (பிரித்தானிய ஆளுநர்) சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய சபைதானே? உள்ளே உண்மையில் என்ன வேலை நடந்தது?"

வாக்கெடுப்பில் அரசாங்கம் தோற்க வழியே இருக்கவில்லை. சபையை அமைத்தவர்கள் வேண்டுமென்றே அப்படித்தான் அமைத்தார்கள். ஆனால் அதை மட்டும் வைத்து அந்தச் சபையை ஒதுக்கிவிட்டால் முக்கியமான ஒன்று கைநழுவிப் போகும். சபை வருமுன் தேசாதிபதி ஒரு சட்டம் போட்டால் தீவுக்குள் எவருக்கும் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சபை வந்த பிறகு சட்டமூலத்தை அச்சிட்டு, வாசித்து, ஏன் தேவை என்று சொல்லி, எதிர்ப்பைக் கேட்டு, அதைப் பதிவிலும் ஏற்ற வேண்டி வந்தது. அந்த நூற்றாண்டில் சபையைச் சுற்றி நடந்த பெரிய மோதல்கள் எல்லாம், என் வாசிப்பில், இந்தக் காரணம் சொல்லும் கடமையைப் பற்றியவைதான்.

முதலில் அமைப்பு. பிரித்தானிய அரசு அனுப்பிய விசாரணை ஆணையாளர்களான கோல்புறூக் 1829இலும் கமரன் 1830இலும் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களுடைய அறிக்கைகளை ஒட்டி இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது, கறுவா வணிகத்தில் அரசின் ஏகபோகம் முடிந்தது, கண்டிப் பகுதிகளும் கரையோரமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் ஐந்து மாகாணங்களாயின. சட்டநிரூபண சபையும் அதே சீர்திருத்தத்தின் ஒரு பகுதி. உத்தியோகப்பற்றுள்ள உறுப்பினர் 9 பேர், உத்தியோகப்பற்றற்றவர் 6 பேர். முதல் வகையில் படைத் தளபதி, குடியேற்றநாட்டுச் செயலாளர், கணக்காய்வாளர், பொருளாளர், நில அளவைத் தலைவர், சுங்க அதிகாரி, அரசாங்க அதிபர்கள் போன்றோர். இரண்டாம் வகையில் ஐரோப்பியர் 3 பேர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் (போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த சமூகத்தவர்) ஒருவர். ஆறு பேரையும் நியமித்தவர் தேசாதிபதி. தேர்தல் என்ற பேச்சே இல்லை. சபைக்குத் தலைமை தாங்கியவரும் தேசாதிபதிதான். அவருக்குச் சாதாரண வாக்கு ஒன்று, சமநிலை வந்தால் முடிவு வாக்கு இன்னொன்று. சபையின் மொழி ஆங்கிலம் மட்டுமே.

சபை முதலில் கூடியது 1834இல். முதல் தமிழ் உறுப்பினரான ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி 1835இல் நியமனம் பெற்றார். யாழ்ப்பாணத்துக் கெருடாவிலைச் சேர்ந்தவர், அரசாங்க மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி முதலியார் பட்டம் பெற்றவர். அரசாங்கத்தை நன்கறிந்த, அரசாங்கம் நன்கறிந்த ஒருவரைத்தான் அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அடுத்த ஆண்டே அவர் காலமானார். 1838இல் கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி வந்தார். இலங்கையின் ஊர், பேர், சாதி, வழக்கம் எல்லாவற்றையும் அகரவரிசையில் தொகுத்த அறிஞர் அவர்.

சரி, அங்கே வேலை எப்படி நடந்தது? ஒரு கட்டளைச்சட்டம் உருவாகும் வழியைப் பார்த்தால் புரியும். சட்டமூலத்தை எழுதுபவர் அரசாங்கத்தின் சட்ட அதிகாரி. அது வர்த்தமானியில் வெளியாகும். முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு என்று போகும். குழுநிலையில்தான் உத்தியோகப்பற்றற்றவர்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. ஒரு தொகையைக் குறைக்கலாம், ஒரு கால எல்லையை நீட்டலாம், ஒரு விதிவிலக்கு கேட்கலாம். நிறைவேறிய பிறகு தேசாதிபதி ஒப்பம் தர வேண்டும். அதன் பின்னும் லண்டன் அதைத் தள்ளுபடி செய்யலாம். செலவு சம்பந்தப்பட்ட எந்தப் பிரேரணைக்கும் தேசாதிபதியின் அனுமதி வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவு வரும். மனுக்கள், கேள்விகள், தீர்மானங்கள் இடையிடையே வரும்.

இதில் எது உயிருள்ள வேலை என்று கேட்டால் நான் மனுக்களையும் வரவு செலவையும்தான் சொல்வேன். சட்டமூலத்தை எதிர்த்து நிற்பது வீண் என்று எல்லாருக்கும் தெரியும். பணம் எங்கே போகிறது என்று கேட்பது அப்படியல்ல. அந்தக் கேள்வி மறுநாள் பத்திரிகையில் வரும், சில மாதங்களில் லண்டனுக்கும் போய்ச் சேரும்.

இனி அந்தச் சபை எவ்வளவு தீங்கும் செய்ய முடிந்தது என்பதற்கு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தைப் பார்ப்போம். காணி பற்றிய சட்டம். காடு, தரிசு, குடியிருப்போ பயிரோ இல்லாத நிலம் எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரிய காணி என்று கொள்ளப்படும் என்றது. காடு வெட்டிப் பயிரிடும் சேனை நிலத்துக்கு இன்னும் இறுக்கமான விதி. சில ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பயிரிடும் நிலம் கண்டிப் பகுதியில் இருந்தால் அதுவும் முடிக்குரியதே. உரிமை கோருபவர் சன்னஸ் (அரசர் கொடுத்த காணிப் பட்டயம்) போன்ற ஆவணத்தைக் காட்ட வேண்டும், அல்லது வரி கட்டி வந்ததை நிரூபிக்க வேண்டும். கரையோரத்தில் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு என்ற காணிப் பதிவேடு இருந்தது, அதில் பெயரைத் தேடலாம். கண்டிப் பகுதியில் தோம்பு இல்லை. இல்லையென்பது சட்டத்தை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பிரிவிலேயே எழுதியும் இருக்கிறார்கள். காகிதமே இல்லாத ஊரில் காகிதத்தைக் கொண்டுவா என்று கேட்ட சட்டம் அது.

அந்த ஆண்டுகளில் கோப்பிக் காணி வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் அரசாங்கத்தின் உயர் அதிகாரிகளே வரிசையில் நிற்கிறார்கள். சிவில் சேவை உத்தியோகத்தர் தோட்டத் தொழிலில் ஈடுபடக் கூடாது என்ற தடை 1840களின் நடுப்பகுதியில்தான் வந்தது. ஆக, 1840இல் சபையில் இருந்தவர்களுக்கும் கோப்பி நிலச் சந்தைக்கும் இடையில் சுவர் ஏதும் இருக்கவில்லை. உத்தியோகப்பற்றற்ற ஐரோப்பியர் மூவரும் வணிக, தோட்டத் தரப்பின் ஆட்கள். கண்டி விவசாயிக்காகப் பேச அங்கே ஒருவரும் இல்லை. கண்டிச் சிங்களவருக்கு ஒரு நாற்காலி கிடைக்க இன்னும் சுமார் ஐம்பது ஆண்டுகள் ஆயின. இந்தச் சட்டத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஒழுங்கான வாசிப்புகள், ஒழுங்கான வர்த்தமானி, ஒழுங்கான இலக்கம் எல்லாம் இருந்தும் ஒரு நாட்டின் மேட்டுநிலம் மொத்தமாகக் கைமாறியது.

1848 இன்னொரு பாடம். ரொறிங்டன் பிரபு தேசாதிபதியாக 1847இல் வந்தார். கோப்பி விலை வீழ்ந்து வருமானம் குறைந்திருந்த நேரம். தோட்டக்காரருக்குச் சுமையாக இருந்த கோப்பி ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. அந்த இடத்தை நிரப்பச் சபையில் வரிசையாகப் புதிய வரிகள் வந்தன. துப்பாக்கிக்கு, நாய்க்கு, கடைக்கு, வண்டிக்கு, வள்ளத்துக்கு என்று வரி. எல்லாவற்றுக்கும் மேல் வீதிக் கட்டளைச்சட்டம். வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். இராசகாரியத்தை ஒழித்து பதினாறே ஆண்டுகளில் அதே பாரம் வேறு பெயரில் திரும்பி வந்ததாகத்தான் கண்டி மக்கள் பார்த்தார்கள். பௌத்த பிக்குகளும் இதற்குள் அடக்கம் என்றதும் கொதிப்பு இன்னும் கூடியது.

யூலை மாதம் மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. இராணுவச் சட்டம் வந்தது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரான் அப்பு ஆகஸ்ட் மாதம் சுடப்பட்டார். குடாப்பொல தேரர் காவியுடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தச் செய்தி லண்டனை எட்டியபோது பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. ரொறிங்டன் பதவி இழந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது, சபையில் வாக்கெடுப்பில் வென்ற சட்டங்கள் வெளியே எவ்வளவு விரைவாகத் தோற்றன என்பது. வரிகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. வீதிச் சட்டம் மட்டும் நிலைத்தது, பிக்குகளுக்குப் பிறகு விலக்குக் கிடைத்தது. வரி கட்டுபவனைக் கேட்காமல் வரி போட்டால் என்ன ஆகும் என்று குடியேற்றநாட்டு அலுவலகம் அன்று பட்டுத் தெரிந்துகொண்டது. அதன் பின் வந்த தேசாதிபதிகள் நிதி விடயத்தில் உத்தியோகப்பற்றற்றவர்களோடு கொஞ்சம் கலந்து பேசத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். கொழும்பு - கண்டி ரயில் பாதையை இந்தக் கலந்துபேசலின் நல்ல விளைவாகச் சொல்லலாம். 1850களின் நடுவிலிருந்து சபையில் அதற்கான கடன், தீர்வை, ஒப்பந்தம் என்று ஓயாத பேச்சு. 1867இல் ரயில் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது 1864. சபையின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இலங்கையில் நிற்கும் பிரித்தானியப் படைகளின் செலவை இலங்கையே ஏற்க வேண்டும் என்று லண்டன் அழுத்தியது. தேசாதிபதி மக்கார்த்தி நாட்டை விட்டுப் போய்விட்டார். அவருக்குப் பதிலாகப் படைத் தளபதி ஓபிரையன் பதில் தேசாதிபதியாக இருந்தார். படைச் செலவு பற்றிய வாக்கெடுப்பில் படைத் தளபதியே தலைமை நாற்காலியில்! உத்தியோகத்தர்கள் என்ன நினைத்தாலும் அரசாங்கத்தின் பக்கமே வாக்களிக்க வேண்டியவர்கள். ஆகவே விவாதம் எப்படிப் போனாலும் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது.

உத்தியோகப்பற்றற்றவர்கள் சபையை விட்டு ஒட்டுமொத்தமாக விலகினார்கள். வணிகரான ஜோர்ஜ் வோல் அவர்களுக்கு முன்னணியில் நின்றார். பறங்கியர் பிரதிநிதியும் அந்நாளில் கொழும்பின் தலைசிறந்த வழக்கறிஞருமான சார்ல்ஸ் அம்புறோஸ் லொறென்ஸ் அவரோடு நின்றார். லொறென்ஸ் சபைக்குள் பேசியதோடு நிற்காமல் 'எக்சாமினர்' பத்திரிகையைத் தம் கையில் வைத்திருந்தவர். சபையில் எழுந்த கேள்வி மறுநாள் கொழும்பு முழுதும் பரவியதில் அவருக்குப் பங்கு உண்டு. மறுவருடம் 'இலங்கைச் சங்கம்' என்ற அமைப்பு உருவானது. அதன் கோரிக்கை நேரானது: சபையில் உத்தியோகப்பற்றற்றவர் பெரும்பான்மையாக வேண்டும், எங்கள் பணத்தை நாங்களே ஒதுக்க வேண்டும்.

லண்டன் மறுத்தது. மறுத்தவர்கள் சொன்ன நியாயத்தை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். பெரும்பான்மையை உங்களிடம் கொடுத்தால் அது சில ஐரோப்பிய வணிகர், தோட்டக்காரர் கையில் நாட்டைக் கொடுப்பதாகும், ஊர்மக்களின் நலனைக் காக்கத் தேசாதிபதிதான் வேண்டும் என்றார்கள். முதல் பாதி உண்மை. 1840ஐயும் 1848ஐயும் பார்த்தவர்களுக்கு இரண்டாம் பாதியை நம்புவது கடினம். ஊர்மக்களுக்கு வாக்குக் கொடுக்கலாம் என்ற மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்பதை இரு தரப்பும் பேசவில்லை. 1860களின் நடுவில் கொழும்பு, கண்டி, காலி மாநகர சபைகளுக்கு மட்டும் தேர்தல் வந்தது. சட்டநிரூபண சபைக்கு உத்தியோகப்பற்றற்ற பெரும்பான்மை கிடைக்க 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழ் நாற்காலிக்குத் திரும்புவோம். முதல் உறுப்பினர் குமாரசுவாமியின் மகன் முத்து குமாரசுவாமி 1861 முதல் 1879 வரை அதில் இருந்தார். இங்கிலாந்தில் பாரிஸ்டரான முதல் இந்து அவர், 1874இல் சேர் பட்டமும் பெற்றார். அவர் இறந்ததும் அவருடைய சகோதரியின் மகன் பொன்னம்பலம் இராமநாதன், 28 வயதில், அந்த இடத்துக்கு வந்தார். 1892இல் இராமநாதன் சட்டத் துறை உயர் பதவிக்குப் போனதும் அவருடைய அண்ணன் பொன்னம்பலம் குமாரசுவாமி வந்தார். தாத்தா, மகன், பேரன், இன்னொரு பேரன். சிங்கள நாற்காலியும் ஏறக்குறைய இப்படித்தான், டயஸ் பண்டாரநாயக்க, ஒபயசேகர உறவு வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. இந்தக் குடும்பங்கள் சூழ்ச்சி செய்து பிடித்துக்கொண்டன என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆங்கிலமும் சட்டமும் அறிந்த, தேசாதிபதிக்கு அறிமுகமான ஆள் வேண்டும் என்ற முறை இருந்தால் அது நாலைந்து வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

ஆனாலும் இராமநாதன் அந்த ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு எவ்வளவு வேலை செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். பௌத்தர்களின் வெசாக் நாளை விடுமுறையாக்கக் குரல் கொடுத்தார், 1885இல் அது கிடைத்தது. தமிழர் பிரதிநிதி பௌத்தருக்காகப் பேசியது அன்று யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அதே இராமநாதன் முஸ்லிம்களுக்குத் தனி நாற்காலி வேண்டாம் என்று நின்றார். இலங்கைச் சோனகர் (தமிழ் பேசும் முஸ்லிம்கள்) இனத்தால் தமிழரே என்று 1888இல் ஒரு நீண்ட கட்டுரையும் வாசித்தார். சபையில் ஒரு நாற்காலிக்கான வாதம் இனவரலாற்று ஆராய்ச்சியாக வேடம் போட்டு வந்தது என்றே நான் அதைப் படிக்கிறேன், அந்தக் கட்டுரை ஏற்படுத்திய மனக்கசப்பு இன்றுவரை ஆறவில்லை. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அதை ஏற்கவில்லை. 1889இல் முஸ்லிம்களுக்கு ஒன்று, கண்டிச் சிங்களவருக்கு ஒன்று என இரண்டு நாற்காலிகள் கூடின. எம்.சி. அப்துல் ரகுமானும் ரி.பி. பானபொக்கேயும் அமர்ந்தனர். உத்தியோகப்பற்றற்றவர் 8 ஆனார்கள். எதிரே 9 பேர் அப்படியே இருந்தார்கள்.

இதே கோர்டன் காலத்தில்தான் 1884 மே மாதம் ஒறியன்டல் வங்கி மூடப்பட்டது. தீவில் புழங்கிய காசுத்தாள்களில் பெரும் பங்கு அந்த வங்கியுடையது. கோப்பி இலைநோயால் தோட்டங்கள் ஏற்கெனவே விழுந்து கிடந்தன. கோர்டன் உடனே அந்தத் தாள்களுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதத்தை அறிவித்தார். அதன் பிறகே நாணயத்தாள் கட்டளைச்சட்டம் சபைக்கு வந்து, தாள் வெளியிடும் உரிமை அரசாங்கத்துக்கு மாறியது. முதலில் செயல், பிறகு சபை. நல்ல முடிவாக இருந்தாலும் சபையின் இடம் எங்கே என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

நெல்வரி விடயம் வேறு மாதிரி. 1878இல் சபை நிறைவேற்றிய தானியவரிச் சட்டம் வரியைப் பணமாகக் கட்டச் சொன்னது. கட்டாதவர்களின் வயல் ஏலம் போனது. நுவரெலியா மாவட்டத்து வலப்பனையில் வயலை இழந்த குடும்பங்கள் பட்டினியில் மடிந்ததை லெ மெசூரியர் என்ற உதவி அரசாங்க அதிபரே எழுதி வைத்தார். அரசாங்கத்தின் சொந்த அதிகாரி எழுதியது என்பதால் அதை மறுக்க முடியவில்லை. 1864இல் விலகிப்போன அதே ஜோர்ஜ் வோல் முதுமையில் இந்த வரிக்கு எதிராக இங்கிலாந்துவரை பிரசாரம் செய்தார். 1892இல் தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில் வரி நீங்கியது. சபையில் தோற்ற வாதம் பத்திரிகை, துண்டுப்பிரசுரம், பாராளுமன்றம் என்று சுற்றிக்கொண்டு மீண்டும் சபைக்கு வந்து வென்ற கதை இது.

கடைசியாக, தோட்டத் தொழிலாளர். தமிழர் பிரதிநிதி என்று ஒருவர் இருந்தார் என்பதால் அவர் இவர்களுக்கும் பிரதிநிதி என்று நினைத்துவிடக் கூடாது. தென்னிந்தியாவிலிருந்து இலட்சக்கணக்கில் வந்த தொழிலாளரின் வாழ்க்கையை நிர்ணயித்தது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். ஒரு மாத அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், சிறைக்குப் போகலாம். சம்பளம் தராத துரை மீது வழக்குத் தொடர அதே சட்டத்தில் வழி இருந்தது, ஆனால் ஆட்களைத் திரட்டி வேலை வாங்கிய கங்காணியிடம் கடனில் கிடப்பவன் துரையை எதிர்த்து நீதிமன்றப் படி ஏறுவது எப்படி? 'துண்டு' என்ற சீட்டில் கடன் தொகையை எழுதி, அதைத் தீர்ப்பவரிடம் ஆட்களையே கைமாற்றினார்கள். ஐரோப்பிய நாற்காலிகளில் ஒன்று தோட்டக்காரர் சங்கத்தின் ஆளுக்கு என்று வழக்கமாகியும் விட்டது. சம்பளத்தை மாதந்தோறும் கொடுக்க வேண்டும் என்று 1889இல் சட்டம் வந்தபோது அது தொழிலாளர் கேட்டுக் கிடைத்ததல்ல. அவர்கள் பேச அங்கே நாற்காலி இருக்கவில்லை.

மூலப் பதிவுகளைப் படிக்க விரும்பினால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் சபை அறிக்கைகளும் அமர்வுப் பத்திரங்களும் இருக்கின்றன. வாக்கெடுப்பு முடிவுகளைத் தேடிப் போகாதீர்கள், அவை எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மனுக்களையும், உறுப்பினர்கள் பதிந்த மாறுபட்ட கருத்துகளையும், இணைப்பாக வைத்த மாவட்ட அதிகாரிகளின் அறிக்கைகளையும் முதலில் எடுங்கள். வலப்பனை போன்ற ஊர்களின் பெயர் சபைப் பதிவில் நுழைந்தது அந்த வழியாகத்தான்.